மணல் முற்றத்தில் காரைத் தூக்கலாமா? எந்த ஜாக்கி வாங்குவது?

கேள்வி: பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கி ஓராண்டு ஆகிறது. டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, அடியில் படியும் உப்பைக் கழுவுவது ஆகியவற்றை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் முற்றம் முழுவதும் மணல். அண்ணன் வீட்டில் மட்டும் சிமெண்ட் தளம் உண்டு. காருடன் வந்த ஜாக்கியே போதுமா, பாட்டில் ஜாக்கியோ ட்ராலி ஜாக்கியோ வாங்க வேண்டுமா? தூக்கிய பிறகு செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்வது சரியா?
- வாசகர், பாம்பன்

பதில்: செங்கல் வேண்டவே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருக்கும் செங்கல்லின் மீது பாரம் சாந்தின் வழியாகப் பரவலாக இறங்குகிறது. காரின் அடிவிளிம்போ ஒரே கோடாக அதை அழுத்துகிறது. அப்படி அழுத்தப்படும் கல் வளைந்தோ கிறீச்சிட்டோ எச்சரிக்காமல் ஒரே நொடியில் பிளந்துவிடும். ஹாலோ பிளாக் இதைவிட மோசம். பனங்கட்டையை அடுக்குவதும் கூடாது. அது நாரோட்டமாகப் பிளக்கக்கூடியது.

எந்த ஜாக்கியாக இருந்தாலும் அது காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய காரைத் தாங்கி நிற்க ஜாக்கி ஸ்டாண்டு என்ற இரும்புத் தாங்கி வேண்டும். பாட்டில், ட்ராலி போன்ற ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் பாரத்தைத் தாங்குவது எண்ணெய். அந்த எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு சிறிய ரப்பர் சீல். சில ஆண்டுகளுக்கு முன் நான் ட்ராலி ஜாக்கியால் காரை உயர்த்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டும் வைத்துவிட்டு, இருட்டிவிட்டதால் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். காலையில் ஜாக்கியின் கை காரை விட்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது; அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. ஸ்டாண்டு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே உங்கள் பணம் முதலில் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்குப் போகட்டும். ஜாக்கி அதற்குப் பிறகுதான்.

ஸ்டாண்டு வாங்கும்போது 2 டன் என்று எழுதியிருப்பது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பெட்டியைப் படித்துப் பாருங்கள். பற்கள் உள்ள வகையானால், கடையிலேயே உயர்த்திப் பிடித்து, கொக்கி பல்லின் அடிவரை போய் உட்காருகிறதா, விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குறுக்கே முளை செருகும் வகை எளியது; அதை நான் அதிகம் நம்புகிறேன். அளவிலும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டாண்டுகளின் குறைந்தபட்ச உயரம் பெரும்பாலும் 27, 28 செ.மீ. அளவில் இருக்கும், உங்கள் ஜாக்கி அதற்கு மேல் தூக்கவில்லை என்றால் ஸ்டாண்டு உள்ளேயே போகாது. சிறிய 2 டன் ட்ராலி ஜாக்கிகள் பல 33 செ.மீ. வரை தூக்குகின்றன. ஹேட்ச்பேக்கின் எடை ஒரு டன்னுக்குள்தான் என்பதால் 2 டன் தாராளம்.

இனி மணல். காருடன் வரும் கத்தரி ஜாக்கியின் அடித்தட்டு ஏறத்தாழ 100 சதுர செ.மீ. இருக்கும். சக்கரத்தின் மூலையில் 300 கிலோ பாரம் என்று கொண்டால், சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம். நான்கைந்து சுற்றுச் சுற்றியதும் தட்டின் ஒரு விளிம்பு மணலுக்குள் அமிழ்கிறது. நேராக நின்ற ஜாக்கி மெல்லச் சாய்கிறது. அதற்கு மேலும் சுற்றினால் கார் பக்கவாட்டில் நழுவும். ஒன்றரை அடிச் சதுரமான பிளைவுட்டை அடியில் போட்டால் அதே பாரம் 2,000 சதுர செ.மீ.க்கு மேல் பரவும். மெல்லிய பலகை நடுவில் வளைந்துவிடும் என்பதால் 18 மி.மீ. தடிமனில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் பஞ்சரானாலும் ஓரத்து மணலில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு இது உதவும், டிக்கியிலேயே வைத்திருங்கள். ஆனால் இது டயர் மாற்றுவதற்கு மட்டுமே. மணலில் நிற்கும் காரின் அடியில், ஸ்டாண்டு இருந்தாலும், படுக்காதீர்கள்.

ட்ராலி ஜாக்கி மணலுக்கு ஒத்துவராததற்கு வேறொரு காரணம் உண்டு. அதன் கை நேராக மேலே போகாமல் வில்போல் வளைந்து உயர்கிறது. அதற்கு ஈடாக ஜாக்கி தன் சக்கரங்களில் சிறிது உருண்டு காருக்கடியில் நகர வேண்டும். மணலிலும், பேவர் பிளாக் இடுக்குகளிலும் சக்கரம் உருளாது. அப்போது கார்தான் இழுபடும். பாட்டில் ஜாக்கியின் சிறிய வட்டத் தலை, ஹேட்ச்பேக்கின் மெல்லிய அடிவிளிம்பில் சரியாகப் பிடிக்காது. டயர் முழுவதும் காற்றிறங்கிய காருக்கடியில் அது நுழையாமலும் போகலாம். உங்களுக்கு என் பரிந்துரை இதுதான்: டயருக்குக் காருடன் வந்த ஜாக்கியும் பலகையும், அடியில் புகுந்து செய்யும் வேலைக்கு அண்ணன் வீட்டுச் சிமெண்ட் தளம், ட்ராலி ஜாக்கி, ஸ்டாண்டு ஜோடி.

தூக்கும் முன் ஜாக்கி வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகள் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கி உட்கார வேண்டும். உப்புக்காற்றில் நின்ற பழைய கார்களில் அந்த இடமே முதலில் துருவேறுகிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தும்போது துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ தகடு உள்வாங்கினாலோ, டிங்கரிங் செய்பவரிடம் காட்டிச் சரிசெய்யும் வரை அங்கே தூக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடிப்பு போய்விடும். அதனால் முதல் கியரில் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கருவேலங்கட்டையை ஆப்பாகச் செதுக்கினாலே போதும். உருட்டுக் கட்டை உதவாது. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் கார் ஆடும். கார் ஸ்டாண்டில் இறங்கியதும் கையால் அழுத்தமாக ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தையும் அடிவிளிம்புக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு, அதன் பிறகே உள்ளே போங்கள். வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

அடிப்பாகம் கழுவுவதற்குக் காரைத் தூக்கவே வேண்டாம். வாட்டர் சர்வீஸில் லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ள இடத்தில் கழுவினால் காசும் போய் உப்பும் சேரும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஜாக்கி ஒரே மாதத்தில் எண்ணெய் கசிகிறது. பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் திரும்பப் பெற மறுக்கிறார்.
- வாசகர், தொண்டி

பதில்: குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. கசிவைக் காணொளியாக எடுத்து, பில்லையும் பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் முகவரியையும் படம் பிடித்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் பலன் இல்லையானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கு முடியும் வரை ஜாக்கியைப் பழுது பார்க்கவோ, யாருக்கும் இரவல் கொடுக்கவோ வேண்டாம்.