பழைய மாணவர்களிடம் என்ன கேட்பது?

கடிதம்

அன்பின் ஐயாவுக்கு,

வடமராட்சியில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் ஒரு திறன் வகுப்பறை, அதாவது கணினியும் பெரிய திரையும் வைத்த ஸ்மார்ட் வகுப்பறை, அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். என்னென்ன வேண்டும் என்று எழுதி அனுப்பும் வேலையை அதிபர் என்னிடம் தந்துவிட்டார். முன்பு ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கணினிகள் பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன. அவற்றில் பாதி இயங்காது. இதுவும் அப்படிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கேட்பது? எங்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்? எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிற தமிழ் வளங்கள் இணையத்தில் இருக்கின்றனவா? "யூரியூப்பில் போட்டுக் காட்டுங்கோவன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். போட்டுக் காட்டினால் பிள்ளைகள் இன்னும் குழம்புகிறார்கள்.

ச.

பதில்

அன்பின் ச.,

வகுப்பில் நிற்கிற ஒருவரிடம் இந்த வேலை வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். வழக்கமாக இது வெளிநாட்டில் ஒரு மண்டபத்தில் முடிவாகி, கொழும்பில் கொள்வனவாகி, லொறியில் வந்து இறங்கிய பிறகுதான் ஆசிரியருக்குத் தெரியவரும். உங்களிடம் முதலிலேயே கேட்டிருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

திறன் வகுப்பறை என்ற சொல்லை ஒரு பக்கம் வையுங்கள். எந்தப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் தடக்குகிறார்கள், எதைப் பலகையில் கீறிக் காட்ட முடியாமல் நிற்கிறீர்கள் என்று யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள். கலத்தின் அமைப்பா, மின்சுற்றா, ஒளி முறிவா? அந்தத் தாளிலிருந்து கோரிக்கை புறப்படட்டும். செலவுத் திட்டத்தின் முதல் வரியில் கருவி வரக்கூடாது, உங்கள் நேரம் வரவேண்டும். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறவை.

கணினிகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு அதிபர்களைக் குறை சொல்வது சுலபம். நான் போன ஒரு பாடசாலையில் திறன் பலகை, அதாவது கணினியோடு இணைத்து எழுதுகிற ஸ்மார்ட் பலகை, சுவரில் இருந்தது. அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர்ப் பலகை பளபளவென்று மேலே இருந்தது. திறன் பலகையை மேசை விரிப்பால் மூடி, அதன்மேல் பொலித்தீன் சுற்றியிருந்தார்கள். எழுதுகிற பேனை அதிபரின் அலுமாரியில், அலுமாரித் திறப்பு அதிபரிடம், அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பலகையைத் தொட யாராலும் முடியாது. அவரும் கெட்டவர் இல்லை. அன்பளிப்பாக வந்த பொருளும் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறிவிடுகிறது. வருடக் கடைசியில் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது உடைந்தது எது, தொலைந்தது எது, யார் பொறுப்பு என்று பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். பாவித்து உடைந்தால் கேள்வி வரும், பூட்டி வைத்துப் பழுதானால் வராது. இந்த நிலைமையில் நீங்களும் நானும் அதையேதான் செய்திருப்போம்.

ஆகவே அன்பளிப்புக் கடிதத்திலேயே ஒரு வசனம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: இது பிள்ளைகளும் ஆசிரியர்களும் தினமும் பாவிப்பதற்குத் தரப்படுகிறது, பாவனையில் பழுதானால் திருத்தும் செலவு எங்களுடையது. அதோடு மூன்று வருடத்துக்கான திருத்தப் பணத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் தனியாக ஒதுக்கி வைக்கட்டும். அந்த ஒரு வசனம் அதிபரின் கையைக் கொஞ்சம் தளர்த்திவிடும்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தைப் பற்றி அமெரிக்க நாடுகளுக்கான அபிவிருத்தி வங்கி 2012 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 319 கிராமப்புறப் பாடசாலைகளில், திட்டம் தொடங்கிச் சுமார் 15 மாதம் கழித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கையில் கணினி இருந்தது, பாவிக்கவும் செய்தார்கள். பொதுவான சிந்தனைத் திறனில் சிறிய முன்னேற்றமும் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலும் புள்ளிகள் ஏறவில்லை. பாடத்தோடு கருவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் ஆசிரியர்தான், அவருக்குப் போதிய ஆதரவு அங்கே கிடைக்கவில்லை. ரொறன்ரோக்காரரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அங்கே அலுவலகங்களில் புதிய மென்பொருள் வந்தால் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

சரி, எதைக் கேட்பது?

எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவர் வைத்தவை. மேற்பாதி திறந்தோ கம்பி வலையோடோ இருக்கும். காற்றுக்கு நல்லது, திரையில் படம் விழுத்துகிற மல்ரிமீடியா புரொஜெக்ரருக்கு ஆகாது. பத்து மணி வெயிலில் திரையில் விழுகிற படம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும், பின்வாங்குப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார்கள். திரைச்சீலை போட்டால் காற்று நின்றுவிடும். பிள்ளைகள் தொகை குறைந்த உங்களைப் போன்ற பாடசாலைக்கு, உருட்டிக்கொண்டு போகக்கூடிய தாங்கியில் ஒரு பெரிய தொலைக்காட்சி, ஒரு மடிக்கணினி, இரண்டையும் இணைக்க ஒரு நீளமான வயர் போதும் என்பது என் எண்ணம். திறன் பலகையைவிட விலை குறைவு, பழுதானால் நெல்லியடியிலோ பருத்தித்துறையிலோ திருத்த ஆள் பிடிக்கலாம். மின் அழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்க ஒரு யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றுக்கு இரும்பும் வயர்முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாற்று வயர்களையும் பட்டியலில் சேருங்கள்.

இவ்வளவு சின்ன ஏற்பாட்டில் என்ன செய்யமுடியும் என்று யாரும் கேட்டால் இதைச் சொல்லுங்கள். தீவகத்தில் ஓர் ஆசிரியை தரம் 7 பிள்ளைகளுக்குக் கலம் படிப்பித்ததைப் பார்த்தேன். சின்ன வெங்காயத்தை உரித்து, உள்தோலை ஊசியால் மெல்லக் கிளப்பி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு துளி அயடீன் விட்டு நுணுக்குக்காட்டியில் ஏற்றினார். பாடசாலையில் இருந்ததே ஒரு நுணுக்குக்காட்டிதான். வழக்கப்படி வரிசையில் நின்று ஆளுக்கொரு கண் பார்த்திருந்தால் 40 நிமிடப் பாடவேளை அதிலேயே போயிருக்கும், பாதிப் பேர் தங்கள் கண் இமையைப் பார்த்துவிட்டுத் தெரிகிறது ரீச்சர் என்று சொல்லியிருப்பார்கள். அவர் தன் போனின் கமராவைப் பார்வை வில்லைமேல் பிடித்து, போனைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். செங்கல் அடுக்கியது மாதிரி கலங்கள் திரை முழுக்க வந்து நின்றன. ஒரு பெடியன் எழும்பிப்போய் விரலால் தொட்டு, "இந்தப் புள்ளிதான் கருவோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகு வகுப்பு தானாகவே ஓடியது. அந்தப் போன் அவருடைய சொந்தப் போன், டேற்றாவும் அவருடைய காசு. உங்கள் கோரிக்கையில் ஆசிரியரின் டேற்றாச் செலவு ஒரு வரியாக இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 2020 இல் பாடசாலைகளைப் பூட்டியபோது வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர் தங்கள் சம்பளத்திலிருந்தே றீலோட் போட்டார்கள். ஒருவரும் அதை இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். வலயக் கணினி வள நிலையங்களில் ஆசிரியர்களுக்கு வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் ஆசிரிய ஆலோசகரிடம் கேட்டு அடுத்த அணியில் பெயரைக் கொடுங்கள். அடிப்படை இல்லாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஒருநாள் செயலமர்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் மங்கல விளக்கு, பிறகு உரைகள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேருக்கு ஒரு திரையில் பத்து மென்பொருள், பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிற ஆசிரியர் கையில் ஒரு பாடமும் இருக்காது.

நான் பார்த்த அளவில் பலன் தந்தது வேறு விதம். பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளில் ஒரே பாடம் படிப்பிக்கிற மூன்று நாலு பேர் கிழமைக்கு ஒருநாள் பள்ளி விட்ட பிறகு கூடுகிறார்கள். அடுத்த கிழமை எடுக்கவேண்டிய ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஒருவர் படம் தேடுகிறார், ஒருவர் செயலட்டை அடிக்கிறார், ஒருவர் எல்லாவற்றையும் பிழை பார்க்கிறார். பிறகு வகுப்பில் எடுத்துப் பார்த்துவிட்டு எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று அடுத்த முறை பேசுகிறார்கள். இதற்கு ஆகிற செலவு பஸ் காசு, தேத்தண்ணி, அந்த நேரத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு. பழைய மாணவர் சங்கங்கள் இந்தச் செலவை ஏற்கத் தயங்கும், ஏனென்றால் இதைப் படம் பிடித்து மலரில் போடமுடியாது. நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். மொத்தத் தொகையில் பாதிக்குமேல் கருவிக்குப் போகிறதென்றால் திட்டத்தைத் திரும்ப எழுதுங்கள் என்றே சொல்வேன்.

இனி, யூரியூப்பில் பிள்ளைகள் குழம்புவது. அவர்கள் குழம்புவது நியாயம். தமிழில் தேடினால் வருகிற விஞ்ஞானப் பாடங்களில் நிறைய தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. நல்ல பாடங்கள்தான், ஆனால் எங்கள் பிள்ளை ஒளித்தொகுப்பு என்று படித்ததை அங்கே ஒளிச்சேர்க்கை என்கிறார்கள், ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், கலம் அங்கே செல். உங்களுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு பாடம். காட்டத்தான் வேண்டும் என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு நீங்கள் விளக்குங்கள்.

எங்கள் பாடத்திட்டத்துக்கே உரியவை என்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் 1 முதல் 13 வரை தமிழிலும் இருக்கிறது. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பீடிஎஃப் ஆக இருக்கின்றன, ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் எடுக்கலாம். மின்சுற்றுக்கும் ஒளி முறிவுக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) பாவனையாக்கங்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கிற பரிசோதனைகளை, எடுத்துப் பாருங்கள். 2002 இல் தொடங்கிய இலவசத் திட்டம் அது. பிள்ளை தானே வயரை இணைத்து, மின்குமிழ் எரிகிறதா என்று திரையில் பார்க்கலாம். பல தமிழிலும் வருகின்றன, சொற்கள் ஒத்துவராவிட்டால் நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். முக்கியமாக, ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை நாங்கள் மறக்கவில்லை. எதை எடுத்தாலும் இறக்கி, மடிக்கணினியிலும் ஒரு பென் ட்ரைவிலுமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழும் வரலாறும் படிப்பிக்கிற உங்கள் சக ஆசிரியர்களுக்கு நூலகம் தளத்தைக் காட்டுங்கள். 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள், எல்லாம் இலவசம்.

இவற்றைவிடப் பெரிய வளம் உங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரின் கணினியிலும் வருடக்கணக்கில் அடித்த வினாத்தாள்கள், செயலட்டைகள், குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் நிறைய பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால் தமிழ் என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். தேடினாலும் அகப்படாது, பிள்ளைக்கு அனுப்பவும் முடியாது. இலவச எழுத்துரு மாற்றிகளில் போட்டால் நிமிடத்தில் எந்தக் கணினியிலும் போனிலும் தெரிகிற யூனிகோடாகிவிடும், ஆனால் மாற்றியதை ஒருவர் இருந்து வாசித்துப் பிழை திருத்தவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. காசு மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள், பத்துப் பேர் பெயர் தந்தாலே ஒரு வருடத்தில் உங்கள் பாடத்துக்கு ஒரு நல்ல சேமிப்பு உருவாகிவிடும்.

படிப்பிக்கிறவர்களே வளத்தை உருவாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தபோது தமிழில் அதற்கான பாடநூல் கிடையாது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அவரும் அவரிடம் படித்தவர்களுமாகச் சேர்ந்து நூல்களைத் தமிழாக்கினார்கள், சொற்களை உண்டாக்கினார்கள். படிப்பிக்கிறவரின் மேசையில் உருவான வளம் அது.

கோரிக்கையை இரண்டு பக்கத்துக்குமேல் எழுதாதீர்கள். எந்தப் பாடங்கள், எந்த ஆசிரியர்கள், கிழமையில் எந்த நாள் கூடுவார்கள் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். கருவிப் பட்டியல் இரண்டாம் பக்கத்தில் வரட்டும். திறன் பலகைதான் தருவோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, திருத்தப் பணமும் ஆசிரியர் கொடுப்பனவும் சேர்ந்து வந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று அதிபர் எழுதட்டும். வரைவை அனுப்ப முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.