ஸ்லெண்டர்மேனுக்குப் போய் எப்படி அவ்வளவு பேர் பயந்தார்கள்? இப்போது ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை?

கேள்விக்குக் கீழே விளக்கத்தில் "படத்தைப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது, இதற்கா அத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் சொல்வது, இணையத்தில் உருவான முகமில்லாத பேயான ஸ்லெண்டர்மேனை வைத்து 2018 ஆகஸ்டில் வந்த படம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது இருந்திருக்கும், பழைய வீடியோக்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள், படம்தான் முதல் அறிமுகம். அப்படியென்றால் கொட்டாவி வந்ததில் உங்கள் மேல் தப்பே இல்லை. எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து எடுத்த படம் அது. அதை வைத்து ஸ்லெண்டர்மேனை எடை போடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2009 ஜூன் மாதம், சம்திங் ஆஃபுல் என்ற தளத்தில், சாதாரணப் புகைப்படங்களைத் திருத்தி அமானுஷ்யப் படங்கள் போல ஆக்குங்கள் என்று ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 10-ஆம் தேதி எரிக் நட்சன் என்பவர் விக்டர் சர்ஜ் என்ற புனைபெயரில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டார். குழந்தைகள் இருக்கிறார்கள், பின்னால் மரத்தோரம் கோட்டு சூட்டு போட்ட, அளவுக்கு மீறி உயரமான ஓர் உருவம் நிற்கிறது, முகம் இல்லை. மற்றவர்களும் இதே மாதிரி படங்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நட்சன் கூடவே சின்னதாகக் குறிப்பும் எழுதினார், வித்தியாசம் அங்கேதான். ஒரு படத்தின் கீழே, இது எரிந்துபோன நூலகத்திலிருந்து மீட்கப்பட்டது, பதினான்கு குழந்தைகள் காணாமல் போன அன்றைக்கு எடுத்தது, படத்தில் தெரியும் விகாரங்கள் பிலிம் பழுது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், படம் எடுத்தவரையும் 1986 ஜூனிலிருந்து காணவில்லை என்று இருக்கும். அந்தப் 'பிலிம் பழுது' என்கிற இடத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பேய் என்ற பேச்சே அதில் இல்லை. யாரோ ஓர் அதிகாரி கோப்பை மூடுவதற்காக எழுதிய வரி மாதிரி இருக்கிறது. படத்தை விட எனக்கு அந்த வரிதான் குலை நடுக்கம் தந்தது, இன்றைக்கும் தருகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. இது கட்டுக்கதை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் உருவாக்கினார், எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் என்பது வரை கண் முன்னால் இருந்தது. பாட்டி சொன்ன கதைக்கு ஊற்றுக்கண் தெரியாது, இதற்குத் தெரியும். தெரிந்தும் பயந்தோம். அதை முட்டாள்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த பத்து நாளில் ஆளாளுக்குப் படம் போட்டார்கள், பழைய மரச்செதுக்கு அச்சுப்படத்தில் இவன் இருக்கிறான் என்றார்கள், காவல்துறை வாக்குமூலம் போல எழுதினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஆதாரமாகக் காட்டினார். தேர் இழுக்கிற மாதிரிதான், வடத்தில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் அது தன்னால் நகர்கிறது என்று ஒரு நினைப்பு இருந்தது.

அதே ஜூன் 20-ஆம் தேதி யூட்யூபில் மார்பிள் ஹார்னெட்ஸ் என்ற வீடியோத் தொடர் தொடங்கியது. படம் எடுத்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் பாதியில் விட்டுவிடுகிறான், டேப்புகளை எரித்துவிடப் போவதாகச் சொல்கிறான், நண்பன் அவற்றைக் கேட்டு வாங்கிப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. செலவே இல்லாமல் எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். சில டேப்புகளில் சத்தமே இருக்காது, படம் மட்டும் ஓடும், எங்கேயோ ஓரத்தில் அந்த முகமில்லாதவன் நிற்பான், கேமரா அவனைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாது. கிட்டே வந்தால் படம் கிழியும், ஒலி உடையும். அவனுக்கு அதில் ஸ்லெண்டர்மேன் என்ற பெயர் கூடக் கிடையாது, ஆப்பரேட்டர் என்பார்கள். எதற்கு வருகிறான், என்ன வேண்டும், எதுவும் சொல்ல மாட்டார்கள். சரியாக ஐந்து வருடம் ஓடி 2014 ஜூன் 20-இல் முடிந்தது.

அப்புறம் 2012-இல் மார்க் ஹாட்லி செய்த அந்த இலவச கேம். இருட்டுக் காடு, கையில் ஒரு டார்ச், எட்டுக் காகிதங்களைத் தேடி எடுக்க வேண்டும். ஆயுதம் கிடையாது. முதல் காகிதத்தை எடுத்தவுடன் கீழே எங்கிருந்தோ தம் தம் என்று ஓர் அடி கேட்கத் தொடங்கும், எடுக்க எடுக்க அவன் நெருங்கி வருவான், அவனைப் பார்த்துக்கொண்டே நின்றால் திரை புள்ளி புள்ளியாகி முடிந்துபோகும். வெள்ளை ஓடு பதித்த கழிவறைக் கட்டடம் ஒன்று வரும், விளையாடிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அதைத்தான் முதலில் சொல்வார்கள். உள்ளே திரும்பித் திரும்பிப் போக வேண்டும், ஒவ்வொரு மூலைக்கும் பின்னால் அவன் இருக்கலாம். என் அத்தை மகன் அதற்குள் நுழைந்ததும் மௌஸை என் கையில் திணித்துவிட்டு எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டான், அதற்கு மேல் அவன் அந்தப் பக்கம் வரவேயில்லை. நான்தான் தனியாக விளையாடி முடித்தேன்.

அப்படியானால் சரிவு எப்போது என்கிறீர்களா? 2014-இல் அமெரிக்காவில் நடந்த கத்திக்குத்துதான் (அதைக் கீழே சொல்கிறேன்) காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. என் கணக்கில் அவன் உச்சியில் இருந்த அந்த கேம் காலத்திலேயே சரிவு ஆரம்பித்துவிட்டது. அந்த கேமை நான் குறை சொல்லவில்லை, மேலேயே சொன்னேன், ரசித்து விளையாடினேன். ஆனால் அது அவனுக்குச் சட்டதிட்டம் போட்டுவிட்டது. எட்டுக் காகிதம், பார்த்தால் சாவு, திரும்பிக்கொண்டால் தப்பிக்கலாம். அதுவரை அவன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது, அதுவே பயம். இப்போது தெரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அலறல் வீடியோக்கள். முகத்துக்கு முன்னால் திடீரென்று வந்து நிற்பான், விளையாடுகிறவர் நாற்காலியோடு துள்ளுவார், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பயத்துக்காக வந்த கூட்டம் போய்விட்டது, அலறலுக்காக வந்த கூட்டம் உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. நானும் அந்தக் காலத்தில் ஒரு ஸ்லெண்டர்மேன் கதை எழுதினேன். இரவுக் காவலாளி ஒருவர் கண்காணிப்பு கேமரா பதிவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். அந்த நடைபாதையில் தூண்கள் ஆறு. தினமும் நடந்து போகிறவர், அவருக்குத் தெரியாதா? பதிவில் ஏழு இருக்கிறது. எழுந்துபோய் எண்ணிப் பார்க்கிறார், ஆறு. திரும்பி வந்து பார்க்கிறார், திரையில் ஏழு, ஏழாவது தூண் போன தடவை இருந்த இடத்தில் இல்லை. கதை அங்கே முடியும். அந்த உருவத்தின் பெயரைக் கூட எழுதவில்லை. படித்தவர்கள் பாராட்டினார்கள், இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

கொஞ்ச நாளில் அதைக் கதை சொல்லும் சேனல் ஒன்று எடுத்து வாசித்துப் போட்டது. என் பெயர் இல்லை. சரி, பெயர் போகட்டும் என்று கூட விட்டிருப்பேன். முடிவை மாற்றியிருந்தார்கள். ஏழாவது தூண் திரும்புகிறதாம், வாயைப் பிளக்கிறதாம், காவலாளி வீல் என்று கத்துகிறாராம், பின்னணியில் காது கிழியும் சத்தம் வேறு. நான் ஒரு மாதம் உட்கார்ந்து எந்த வரியை எழுதக்கூடாது என்று யோசித்தேனோ அதே வரியை எழுதி ஒட்டி, நடுவில் இரண்டு விளம்பரத்தையும் செருகிவிட்டார்கள். எழுதிக் கேட்டதற்கு "இணையத்தில் கிடைத்த கதை, இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்று பதில். இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. எழுதுகிறவன் ராப்பகலாக எழுதுவான், மைக் வைத்திருக்கிறவன் சம்பாதிப்பான். கேட்டால், பகிர்ந்துகொள்ளும் மனமில்லாதவன் என்று நம் மேலேயே பழி. இதற்கும் கேட்ட கேள்விக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, 2014-க்கு வருகிறேன். மே 31, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கிஷா என்ற ஊர். பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இருவர், தங்கள் வயதுத் தோழியையே காட்டுக்குள் அழைத்துப்போய்ப் பத்தொன்பது முறை குத்தினார்கள். ஸ்லெண்டர்மேனுக்கு அடியாள் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நம் குடும்பத்தை ஏதாவது செய்துவிடுவான் என்று நம்பியதாகச் சொன்னார்கள். அந்தக் குழந்தை தவழ்ந்தே சாலையோரம் வந்து, சைக்கிளில் போன ஒருவர் கண்ணில் பட்டு, உயிர் பிழைத்தாள். குத்திய இருவரையும் சிறைக்கு அனுப்பாமல் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் வைக்கத்தான் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஒருவருக்கு 25 வருடம், இன்னொருவருக்கு 40 வருடம்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். "ஒரு குழந்தை குத்துப்பட்டிருக்கிறது, நீ பேய்க்கு ஒப்பாரி வைக்கிறாயா" என்று. இல்லை. அந்தக் குழந்தைக்கு நடந்ததற்கு முன்னால் எந்தக் கதையும் பெரிதில்லை. ஆனால் கதையைப் படித்தவர்கள் எல்லோரும் கத்தி தூக்கப் போகிறவர்கள் என்பது போல அன்றைக்கு எழுதினார்களே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த வழக்கிலேயே மனநோய் இருந்தது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. கதை எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஜூன் மாதமே 24 மணி நேர நேரலை நடத்தி அந்தக் குழந்தைக்காக நிதி திரட்டினார்கள், அதை எத்தனை பேர் எழுதினார்கள்?

அதற்குப் பிறகு யாருக்கும் கை வரவில்லை என்பது உண்மை. எனக்கும் வரவில்லை. பதினான்கு குழந்தைகள் காணாமல் போனார்கள் என்பது வெறும் வரியாக இருந்தவரை எழுத முடிந்தது. நிஜக் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது முடியவில்லை. யாரும் தடை போடவில்லை, தானாக நின்றுபோனது.

மூன்றாவது காரணம் உரிமை. வடத்தை எல்லோரும் பிடித்தார்கள் என்றேனே, சட்டப்படி உருவம் நட்சனுடையது, படம் எடுக்கும் உரிமையெல்லாம் பேசப்பட்டுக் கை மாறின. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், என் தூண் கதைக்கே எனக்கு அவ்வளவு வலித்தது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் விளைவைப் பாருங்கள். எஸ்சிபி என்று இன்னொரு கூட்டுக்கதை உலகம் இருக்கிறது, 2007-இல் தொடங்கியது, ஸ்லெண்டர்மேனுக்கும் மூத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம், பெயரைக் குறிப்பிட வேண்டும், நீங்கள் எழுதியதையும் அதே போலத் திறந்துவைக்க வேண்டும் என்கிற உரிமத்தில் அது நடக்கிறது, இன்றைக்கும் புதுசு புதுசாக வருகிறது. எழுதியவர் பெயரும் இருக்கும், கதையும் வளரும். அந்த வழி ஸ்லெண்டர்மேனுக்கு வாய்க்கவில்லை.

கடைசியில் நீங்கள் பார்த்த அந்தப் படம். குத்திய சிறுமிகளில் ஒருவரின் தந்தையே இப்படி ஒரு படம் தேவையா என்று பகிரங்கமாகக் கேட்டார். வாக்கிஷா பகுதியில் ஒரு பெரிய திரையரங்க நிறுவனம் திரையிடவே மறுத்துவிட்டது. வலியும் ஆறவில்லை, பயமும் மிச்சமில்லை, அப்படி ஒரு நேரத்தில் வந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

முழுக்கக் காணாமல் போய்விட்டான் என்றும் சொல்ல முடியாது. மைன்கிராஃப்ட் கேமில் எண்டர்மேன் இருக்கிறானே, கறுப்பாக, உயரமாக, கண்ணைப் பார்த்தால் பாய்வான், அவன் இவனைப் பார்த்து வந்தவன்தான். 2019-இல் கிளம்பிய, ஆளில்லாத அறைகள் முடிவில்லாமல் நீளும் பேக்ரூம்ஸ் கதையும் அதே வகை, மஞ்சள் அறை ஒன்றின் ஒரே ஒரு புகைப்படம், கீழே சில வரிகள், மிச்சத்தை ஊர் கூடி எழுதியது. அந்த மஞ்சள் அறைப் படம் எடுத்த இடத்தை 2024-இல் கண்டுபிடித்தார்கள், அதுவும் விஸ்கான்சின் மாநிலத்தில்தான் இருந்தது.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை என்றால் மார்பிள் ஹார்னெட்ஸை முதலிலிருந்து பாருங்கள். கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில், ஹெட்போன் போட்டு, இரண்டு வேகத்தில் ஓட்டாமல் பாருங்கள். முதல் சில பதிவுகளில் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றும் இடங்களில் நிறுத்தி, திரையின் ஓரங்களைப் பாருங்கள். அதற்கப்புறமும் கொட்டாவிதான் வந்தது என்றால் இதே பதிலுக்குக் கீழே எழுதுங்கள், எந்தப் பதிவில் வந்தது என்பதையும் சேர்த்து.