பிடித்த நாயைத் திரும்ப அதே தெருவில் விடுகிறார்களே, ஏன்?

போன இதழில் தெருநாய் பற்றி வந்த கேள்விக்கு, "கருத்தடை செய்வதைத் தவிர வேறு வழியில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி சந்தேகம். சரி, இந்த முறை பக்கம் முழுக்க நாய்தான். ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது.

எங்கள் தெருவில் பதினைந்து நாய்க்குக் குறையாது. வண்டி வந்து அஞ்சாறு நாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்பாடா என்று இருந்தோம். ஒரு வாரத்தில் அதே நாய்களை அதே முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இதற்கு எதற்கு ஒரு வண்டி, டீசல், நாலு ஆள்?
– வாசகர், தேவகோட்டை

திரும்பக் கொண்டுவந்து விட்டது சரி. அஞ்சாறோடு நிறுத்தியதுதான் தப்பு.

2001-ல் வந்த விதியை மாற்றி 2023-ல் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் என்று புதிதாகப் போட்டார்கள். அதன்படி தெருநாய்க்குப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பு. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, புண் ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதே இடத்தில் ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கலாம் என்பதை அந்தத் தெருவில் விழுகிற சோறு முடிவு செய்கிறது. பதினைந்து நாய்க்குச் சோறு விழுகிற தெருவைக் காலி செய்து பாருங்கள், பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். வருகிற நாய் ஊசி போடாதது, குட்டி போடக்கூடியது. ஆபரேஷன் ஆன பழைய நாய் அங்கேயே படுத்துக் கிடந்தால் புது நாயைக் குரைத்தே விரட்டிவிடும், தானும் குட்டி போடாது. சம்பளம் இல்லாத வாட்ச்மேன்.

இப்போது அந்த அஞ்சாறுக்கு வாருங்கள். மீதி இருக்கிற ஒன்பது பத்தில் நாலு பெட்டை என்று வைத்துக்கொள்வோம். நாய் சினைக்காலம் இரண்டு மாதம்தான், 63 நாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அஞ்சு குட்டி என்றால் நாற்பது. முக்கால்வாசி குட்டி காரில் அடிபட்டும் பட்டினியிலும் போனாலும் பத்து மிஞ்சும். செலவு செய்த காசு அங்கேயே கரைந்துவிட்டது. பத்துத் தெருவில் அஞ்சஞ்சு நாயைத் தொட்டுவிட்டு வருவதைவிட ஒரு தெருவில் ஒன்று விடாமல் முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதுதான் வேலை. வெறிநோய்க்கும் இதே கணக்குத்தான். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி இருந்தால் நோய் பரவ வழியில்லாமல் போகும், மூன்றுக்கு மட்டும் போட்டால் போட்டும் பிரயோஜனமில்லை. உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால் "எத்தனை நாயைப் பிடித்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "எங்கள் தெருவில் பாக்கி எத்தனை" என்று கேளுங்கள்.

அந்தக் காலத்தில் ஊசி போட்டுக் கொன்றார்களே, ஊர் நன்றாகத்தானே இருந்தது? சட்டம் பேசுகிறவர்கள் கடி வாங்கிப் பார்த்தால் தெரியும்.
– வாசகர், காரைக்குடி

நான் கடி வாங்கியிருக்கிறேன், இரண்டு தடவை. கொன்றும் இருக்கிறேன். என் கையால் இல்லை, என் கையெழுத்தில்.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த நகராட்சியில் சுருக்குக் கம்பியோடு ஒரு ஆள் வருவார், நாய்க்கு இவ்வளவு என்று கூலி. காலையில் பிடித்ததைச் சாயங்காலத்துக்குள் ஊசி போட்டுக் குழியில் தள்ளுவோம், நான் ரிஜிஸ்டரில் எண் போட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஏழு வருஷம் போட்டேன். ஒரு வருஷம்கூட எண் குறையவில்லை. குறைந்திருந்தால் நல்லது செய்திருக்கிறோம் என்று மனசையாவது தேற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் குட்டிகளோடு கிடந்த ஒரு தாய்நாயை அவர் தொடாமல் நடந்துபோனார். ஏன் என்று கேட்டேன். "அடுத்த வருஷமும் நான் சாப்பிட வேணாமாய்யா?" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை எங்கள் ஆபீசில் யாரும் புரிந்துகொள்ளாத அளவுக்கு அவர் புரிந்துகொண்டிருந்தார்.

சென்னை கதை இன்னும் பெரிது. அந்த மாநகராட்சி 1860-லிருந்து நாயைக் கொன்றுகொண்டிருந்தது. 1996-ல் நாளைக்கு 135 நாய் வரை போயிற்று. கொன்று தீர்கிற சமாச்சாரமாக இருந்தால் 136 வருஷத்தில் தீர்ந்திருக்க வேண்டாமா? கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்புக்காரர்கள் 1964-லேயே சொன்னார்கள், அதற்கு மாநகராட்சி தலையாட்ட 1996 ஆகிவிட்டது. நாயிடம் இரக்கம் காட்டுவதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் இது கணக்குக்கே சரிவரவில்லை, அதுதான் என் கட்சி.

வைரவர் வாகனத்தை ஆபரேஷன் செய்வது பாவமில்லையா?
– வாசகி, வைரவன்பட்டிக்குத் தேய்பிறை அஷ்டமி தவறாமல் போகிறவர்

அம்மா, குட்டிகள் ரோட்டில் நசுங்குவது மட்டும் புண்ணியமா? வைரவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தைரியமாக இருங்கள்.

நான் தினமும் ஏழெட்டு நாய்க்குச் சோறு வைக்கிறேன். பக்கத்து வீட்டார் போலீசில் சொல்வேன் என்கிறார்கள். உச்ச நீதிமன்றமே சோறு வைக்கக்கூடாது என்றுவிட்டதாமே?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பாதிதான் காதில் விழுந்திருக்கிறது ஆச்சி. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்று ஒரு உத்தரவு வந்து ஊரே ரெண்டுபட்டது. அதே மாதம் 22-ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: ஆபரேஷனும் ஊசியும் ஆன நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமாகக் கடிக்கிறதையும் விடக்கூடாது, கண்ட தெருவில் சோறு வைக்கக்கூடாது, வார்டுதோறும் உள்ளாட்சி அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். இது டெல்லிக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா மாநிலத்துக்கும் என்றும் சொன்னார்கள். ஆக, சோறு வைப்பது குற்றமில்லை, வைக்கிற இடம்தான் முக்கியம். உங்கள் பேரூராட்சி இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். ஒதுக்கவில்லை என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், அடுத்தவர் திண்ணைக்கு எதிரில் வைக்காதீர்கள், சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டார் பாதி அடங்கிவிடுவார்கள்.

இன்னொன்று, ஆச்சி நினைத்தால் ஆகும். வண்டியைக் கண்டதும் நாய் எட்டு வீடு தாண்டி ஓடும், வலையோடு ஆள் நாக்குத் தள்ளுவான். நீங்கள் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஏழெட்டும் ஒரே காலையில் முடிந்துவிடும். சோறு போடுகிறவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் நாய் பிடிக்கப் போவது எனக்குப் புரியாத காரியம்.

அப்புறம், ஆச்சி வைக்கிற ஏழெட்டு உருண்டைக்குச் சண்டை போடுகிறவர்கள் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்ததுண்டா? வைகாசி, ஆவணி முகூர்த்த நாளில் ஐந்நூறு எச்சில் இலை சோற்றோடு கிடக்கும். கோழிக்கடைக் கழிவு சாக்கோடு ஊருணிக் கரைக்கு வரும். நாய் அங்கேதான் வளர்கிறது. மண்டபத்துக்கும் கறிக்கடைக்கும் அபராதம் போடத் துப்பில்லாமல் நாயைத் துரத்துவதை என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தாயிற்று.

பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டின் முகப்பில் நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. வீட்டுக்காரர்கள் மலேசியாவில். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடலாம் என்கிறார் காவல்காரர்.
– வாசகர், கானாடுகாத்தான்

வேண்டாம். தாய் வெளியே போன நேரம் பார்த்துக் குட்டிகளைக் கொண்டுபோனால் அடுத்து அந்த வழியாகப் போகிறவரைத்தான் அது கடிக்கும். பால் குடி மறக்க இரண்டு மாதம் விடுங்கள். அதற்குப் பிறகு தாய்க்கு ஆபரேஷன் செய்யலாம். குட்டிகளுக்கு ஆறு மாதம் ஆக வேண்டும், அதற்குள் ரெண்டு மூன்றை யாராவது வளர்க்கக் கேட்டால் கொடுங்கள், நாட்டு நாய் நம் வெயிலைத் தாங்கும். அப்புறம் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு முகப்புக் கதவு இடுக்கை அடைக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து திறக்கிற வீடுகள் இந்தப் பக்கம் எத்தனை! நாய்க்கு அதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடைக்காது.

எட்டு வயசுப் பையனை நாய் கடித்துவிட்டது. என் மாமியார் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டினார். சின்னக் கடிதான். இரண்டு ஊசியோடு நிறுத்தலாமா?
– வாசகி, புதுவயல்

நிறுத்தக்கூடாது. இதைப் படிக்கிற அன்றைக்கே போங்கள், தேதி தவறியிருந்தாலும் போங்கள். வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. தோலில் போடுகிற ஊசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று நாலு முறை. ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் ஊசிக்குக் காசு கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவது பழங்கதை, இப்போது கையில்தான். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவதுதான் முதல் மருந்து. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவரும் நல்லதுக்குத்தான் செய்தார்.

பள்ளிக்கூட வளாகத்துக்குள் நாய் படுத்துக் கிடக்கிறது. அதையும் திரும்ப அங்கேயே விடுவார்களா?
– ஓர் ஆசிரியர், கோட்டையூர்

இல்லை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் இங்கெல்லாம் பிடிக்கிற நாயைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காப்பகத்துக்கு எங்கே போவது என்று உள்ளாட்சிக்காரர் கேட்பார், நியாயமான கேள்விதான். நீங்கள் சுற்றுச்சுவர் ஓட்டையையும் சத்துணவு மிச்சம் கொட்டுகிற இடத்தையும் முதலில் பாருங்கள்.

நாங்கள் கிராம ஊராட்சி. டாக்டரும் இல்லை, வண்டியும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?
– வாசகர், நேமத்தான்பட்டி

தனி ஊராட்சியால் ஆகாது. பக்கத்து நாலைந்து ஊராட்சி சேர்ந்து, விலங்கு நல வாரிய அங்கீகாரம் உள்ள ஓர் அமைப்பைக் கூப்பிட்டு, ஊர் ஊராக முடித்துக்கொண்டு வரலாம். அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். போவதற்கு முன்னால் ரெண்டு இளவட்டப் பையன்களை அனுப்பி, விடியற்காலையில் தெருத்தெருவாக நாயை எண்ணச் சொல்லுங்கள்: ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, காதில் வெட்டு உள்ளது எத்தனை. அந்தத் தாளை மனுவோடு இணைத்துக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.