ஆயில் மாற்றும்போது போல்ட் முறிந்தால் எஞ்சினைக் கழற்ற வேண்டுமா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றும்போது ஃபில்டர் மூடியின் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட் தலை துண்டாகி வந்துவிட்டது, எஞ்சினைக் கழற்ற வேண்டுமா என்று. வேண்டாம்.

மற்ற போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். தலை போனதும் போல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்த இழுவிசையும் போயிருக்கும், அதனால் மிச்சத் துண்டைச் சுழற்றுவது எளிது. மிச்சத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஓர் இரவு விட்டு, கிரிப் பிளையரால் முன்னும் பின்னும் அசையுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

உள்ளேயே முறிந்திருந்தால்தான் பாடு. சரியாக நடுவில் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்தி, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். பல நேரம் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வரும். ஈஸி அவுட் (துளைக்குள் திருகி முறிந்த துண்டை வெளியே எடுக்கும் கருவி) வேண்டவே வேண்டாம் என்பேன். அது உள்ளே ஒடிந்தால் அந்தக் கடின எஃகில் சாதாரண பிட் இறங்காது. அதற்கு முன்பே லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள். மரை கெட்டிருந்தாலும் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள்.

இரும்புத் தூளை நன்றாகத் துடைத்த பிறகே புது ஆயில். எஞ்சின் உறை அலுமினியம், எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் மாடலின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.