லேப்டாப் சூடும் அண்டர்வோல்டிங்கும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ7-8750எச். கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 97 டிகிரி. வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3க்குக் கீழே விழுகிறது. அண்டர்வோல்ட் செய்யச் சொல்கிறார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகமும் குறையாதா?

பதில்: குறையாது. அதே வேகத்தில் ஓட ப்ராசஸருக்குக் கொஞ்சம் குறைவான வோல்டேஜ் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பல வருஷம் கழித்தும், எந்தச் சூட்டிலும் சிப் தடுமாறக் கூடாது என்று தயாரிப்பாளர் தேவைக்கு மேலேயே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார். அந்தக் கூடுதலில்தான் கை வைக்கிறோம்.

பலன் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிப் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 வோல்ட் 1.0 ஆனால் வோல்டேஜ் குறைவது 9 சதவீதம்தான், ஆனால் மின்சாரம் 17 சதவீதம் குறையும். 45 வாட் எல்லைக்குள் திணறும் சிப்புக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று. வாங்கி இரண்டு வருஷம் ஆகி, ஒரு முறைகூடத் திறந்து தூசி தட்டவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் கம்பளி மாதிரி தூசி அடைத்திருக்கும்போது வோல்டேஜைக் குறைத்து என்ன பயன்?

கேள்வி: சார், வோல்டேஜை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளை இறக்கிவிட்டேன். எங்கே, எவ்வளவு குறைப்பது?

பதில்: எஃப்ஐவிஆர் என்ற பட்டனை அழுத்துங்கள். முதலில் சிபியூ கோர் என்பதைத் தேர்ந்தெடுத்து, வோல்டேஜை மாற்ற அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்து, ஆஃப்செட்டை, அதாவது வழக்கமான வோல்டேஜிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற அளவை, மைனஸ் 50 மில்லிவோல்ட் ஆக்குங்கள். அடுத்து சிபியூ கேச்சுக்கும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) அதே அளவு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் தலைமுறை சிப்பில் கோரும் கேச்சும் ஒரே வோல்டேஜ் பாதையில் இருப்பதால், ஒன்றை மட்டும் இறக்கினால் பலன் தெரியாது.

அப்புறம் பத்துப் பத்தாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ப்ராசஸருக்கு முழுச்சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். 8750எச்சில் பலருக்கு மைனஸ் 100 முதல் 150 வரை போகிறது. ஆனால் யாரோ 150 போட்டார் என்று நீங்களும் நேரே அங்கே குதிக்க வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு சிப்கூட ஒரே மாதிரி இருக்காது. எல்லை தெரியும்வரை வோல்டேஜைச் சேமிக்காத தேர்விலேயே இருங்கள். மிஷின் உறைந்தால், அணைத்துப் போட்டதும் பழைய வோல்டேஜுக்கே திரும்பிவிடும்.

கேள்வி: மைனஸ் 130ல் சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது. ஆனால் பிரவுசரில் சும்மா படித்துக்கொண்டிருந்தபோது நீலத்திரை. எப்படி?

பதில்: முழுச்சுமையில் சிப் ஒரே வேகத்தில் ஓடுகிறது. பிரவுசரில் அப்படியில்லை, நொடிக்குப் பலமுறை தூங்கி எழுந்து, ஒற்றை கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்தத் தாவலில்தான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. ஆகவே சோதனையில் பாஸ் ஆனதும் ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள், தூங்கவைத்து எழுப்புங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'டபிள்யூஎச்இஏ லாகர்' எச்சரிக்கை வந்திருந்தால், திரை நீலமாகாவிட்டாலும் சிப் ஏற்கெனவே தடுமாறித் திருத்திக்கொள்கிறது என்று அர்த்தம். மைனஸ் 110க்கு ஏறிவிடுங்கள். 20 மில்லிவோல்ட்டில் கிடைப்பது ஓரிரு டிகிரிதான், அதற்காக சேமிக்காத ஃபைலைப் பறிகொடுப்பானேன்?

கேள்வி: ப்ரோ, அண்டர்வோல்ட் செய்தும் அதே 95 டிகிரிதான். ஏமாற்று வேலையா இது?

பதில்: வேகத்தைப் பார்த்தீர்களா? முன்பு 95ல் 3.1 கிகாஹெர்ட்ஸ் ஓடியது இப்போது 95ல் 3.5 ஓடினால் அண்டர்வோல்ட் வேலை செய்கிறது. மிச்சமான வெப்பத்தைச் சிப் வேகமாக மாற்றிக்கொண்டது. சூடுதான் குறைய வேண்டும் என்றால், கூடவே பிஎல்1 (நீண்ட நேரத்துக்கு), பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு) என்ற மின் எல்லைகளையும் இறக்குங்கள். வேகத்தை எது தடுக்கிறது என்று த்ராட்டில்ஸ்டாப்பின் லிமிட்ஸ் பட்டனில் தெரியும். சிவப்பு என்றால் இப்போது தடுக்கிறது, மஞ்சள் என்றால் முன்பு தடுத்தது. இதைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: என் லேப்டாப் 11ஆம் தலைமுறை. எஃப்ஐவிஆரில் 'லாக்டு' என்று காட்டுகிறது.

பதில்: 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கி, சிப்புக்குள் பூட்டி வைத்த ரகசியங்களை எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்களில் இந்தக் கதவை மூடினார்கள். பிறகு வந்த பல லேப்டாப்களில் ஆரம்பத்திலேயே மூடித்தான் வருகிறது. பெயர் எச்எக்ஸ் என்று முடியும் இன்டெல் சிப்கள் பலவற்றில் பயாஸில் திறக்க வழி இருக்கும். விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தாலும் தடுக்கும். ஆனால் அதை அணைப்பது பாதுகாப்பைக் குறைப்பது, ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள்.

வழியே இல்லையா? மின் எல்லையைக் குறையுங்கள். அல்லது பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதம் ஆக்குங்கள். டர்போ (அடிப்படை வேகத்துக்கு மேல் தாவுவது) நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் எக்செல்லுக்கும் வீடியோ பார்க்கவும் போதும்.

கேள்வி: ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸரில்?

பதில்: அதற்குத் த்ராட்டில்ஸ்டாப் ஆகாது. ரைசன்அட்ஜ் என்ற மென்பொருள் மூலம் மின் எல்லையை மாற்றலாம். ஜென் 3 என்ற சிப் தலைமுறை முதல், வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் வந்தது, ஆனால் லேப்டாப்பில் அதைத் தொட விடுவது மாடலைப் பொறுத்தது.

கேள்வி: அக்காவின் லேப்டாப் தொட்டால் சூடே இல்லை. ஆனால் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. அண்டர்வோல்ட் உதவுமா?

பதில்: உதவாது, இது வேறு கதை. 'பிடி ப்ராக்ஹாட்' என்ற சிக்னலைச் சந்தேகப்படுங்கள். ப்ராசஸர் குளுமையாக இருந்தாலும், போர்டில் வேறு ஏதோ ஒன்று 'வேகத்தைக் குறை' என்று கத்துகிறது. சார்ஜரை அடையாளம் தெரியாதபோது சில லேப்டாப்கள் இப்படி அடம்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் சார்ஜரையோ அதன் பின்னையோ மாற்றுங்கள். த்ராட்டில்ஸ்டாப்பில் அந்த டிக்கை எடுத்தாலும் ஓடும்தான். ஆனால் உண்மையிலேயே போர்டில் எங்காவது கொதிக்கிறது என்றால், எச்சரிக்கும் வாயை அடைத்ததாகிவிடும். காரணம் தெரியும்வரை அதை எடுக்க வேண்டாம்.