மெல்ஃபி: கோதுமை நிலத்தில் எழுந்த கார் ஆலை

கேள்வி: இத்தாலியின் கார் ஆலைகள் எல்லாம் வடக்கே தூரின் நகரைச் சுற்றியே இருக்கின்றன என்று எண்ணியிருந்தேன். ஜீப் ரெனகேட் கார் தெற்கே மெல்ஃபி என்ற சிற்றூரில் தயாரானதாக அண்மையில் படித்தேன். விவசாயத்தை நம்பிய பகுதிக்கு அவ்வளவு பெரிய ஆலை எப்படி வந்தது?

பதில்: மெல்ஃபி, பசிலிக்காத்தா மாநிலத்தின் வடகோடியில், அணைந்துபோன எரிமலையான வுல்துரேயின் (1,326 மீட்டர்) அடிவாரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 17,000. ஊர் குன்றின்மேல் இருக்க, ஆலை நிற்பதோ சற்றுத் தொலைவில், ஓஃபாந்தோ ஆற்றை ஒட்டிய சான் நிக்கோலா சமவெளியில். துரம் கோதுமை விளைந்துகொண்டிருந்த நிலம் அது.

அங்கே தொழிற்பேட்டை வந்ததற்கு முதற்காரணம் ஒரு பேரழிவு. 1980 நவம்பர் 23 அன்று இர்ப்பீனியா பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 2,900 பேர் உயிரிழந்தனர். அதன்பின் இயற்றப்பட்ட மறுசீரமைப்புச் சட்டம் வீடுகளைக் கட்டித் தருவதோடு நிற்காமல், கம்பானியா, பசிலிக்காத்தா மலைப்பகுதிகளில் தொழிற்பேட்டைகளை அமைக்கவும் பணம் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் எழுந்த ஆலைகள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். சான் நிக்கோலா அந்த வரிசையில் சேரவில்லை. பரில்லா நிறுவனத்தின் பிஸ்கட் ஆலை அங்கே நிலைத்தது. 1990-இல் ஃபியட் தன் புதிய ஆலைக்கும் அதே சமவெளியைத் தேர்ந்தெடுத்தது.

அரசு மானியம் ஃபியட்டை ஈர்த்தது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் அன்று. தூரினின் மிராஃபியோரி ஆலையில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்த தொழிற்சங்க மரபு இல்லாத ஓரிடத்தில், முன்பு எந்த ஆலையிலும் வேலை பார்த்திராத இளைஞர்களைக் கொண்டு, ஜப்பானிய முறையைத் தழுவிய ஓர் உற்பத்தி அமைப்பை முதலிலிருந்தே கட்டிப் பார்க்க நிறுவனம் விரும்பியது. 1993-இல் புந்தோ கார்கள் வெளிவரத் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுகளில் இருந்தனர். இருக்கை, பம்பர், கம்பித்தொகுதி போன்றவற்றைச் செய்யும் நிறுவனங்கள் பிரதான ஆலையைச் சுற்றியே அமைக்கப்பட்டன. அசெம்பிளி லைனில் அடுத்து வரப்போகும் காரின் நிறத்துக்கும் வகைக்கும் பொருந்திய இருக்கை, அந்தக் கார் அந்த இடத்தை அடையும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே வந்து சேரும். கிடங்கில் அடுக்கி வைக்கும் வழக்கமே இல்லை.

மெல்ஃபியைப் போன்ற ஓர் ஊரால் மட்டும் இத்தனை ஆயிரம் தொழிலாளரைத் தந்துவிட முடியாது. பசிலிக்காத்தாவோடு அண்டை மாநிலங்களான புல்யா, கம்பானியா ஆகியவற்றின் மலையூர்களிலிருந்தும் பேருந்துகள் தொழிலாளரை ஏற்றி வந்தன. காலை 6 மணிப் பணிமுறைக்கு வருபவர்கள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்தாக வேண்டும். சம்பளம் ஆலையில் கிடைத்தது. செலவழிந்ததோ நூறு சிற்றூர்களில். மெல்ஃபி பெருநகரமாக வளராமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: வேலை கிடைத்தால் போதும் என்றிருந்த பகுதியில் தொழிலாளர் போராட்டம் நடந்திருக்குமா?

பதில்: நடந்தது; நாடே கவனித்தது. இரவுப்பணியை இரண்டு வாரங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டிய முறை, ஃபியட்டின் மற்ற ஆலைகளைவிடக் குறைந்த ஊதியம், சிறு குற்றங்களுக்கும் விதிக்கப்பட்ட தண்டனைகள் ஆகியவற்றை எதிர்த்து, 2004 ஏப்ரலில் தொழிலாளர் ஆலைக்குச் செல்லும் சாலைகளை மறித்து அமர்ந்தனர். போலீஸ் தடியடிக்குப் பிறகும் அவர்கள் கலையவில்லை. இந்தப் போராட்டம் 21 நாட்கள் நீடித்தது.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். கையிருப்பு வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் பொருளை வரவழைக்கும் அமைப்புதான் நிறுவனத்தின் பலம் என்று பேசப்பட்டது. மறியல் தொடங்கியதும் அதே அமைப்பு நிறுவனத்தின் பலவீனமாக மாறியது; உதிரிபாகங்கள் போய்ச் சேராமல் வேறு ஊர்களில் இருந்த ஃபியட் ஆலைகளிலும் வேலை நின்றது. மே மாதம் ஏற்பட்ட உடன்பாட்டில் தொடர் இரவுப்பணி முறை கைவிடப்பட்டது. ஊதியத்தைப் படிப்படியாக மற்ற ஆலைகளுக்கு இணையாக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சங்க மரபு இல்லாத இடம் என்று தேடிப்பிடித்து வந்தவர்களுக்கு, ஒரு சங்க மரபு அங்கேயே உருவாவதைத் தடுக்க முடியவில்லை.

கேள்வி: ஆலை வந்தபின் அங்கே விவசாயம் நசிந்துவிட்டதா?

பதில்: இல்லை. ஆனால் விவசாயம் என்று ஒரே சொல்லால் சுட்டும்போது, அங்கே அருகருகே இருக்கும் மிக வேறுபட்ட இரண்டு உலகங்களை ஒன்றாக்கிவிடுகிறோம்.

முதலாவது, வுல்துரேயின் சரிவு. எரிமலை மண்ணில் அல்யானிக்கோ என்னும் கருந்திராட்சை விளைகிறது. இத்தாலியிலேயே மிகத் தாமதமாக அறுவடையாகும் திராட்சைகளில் இது ஒன்று. அக்டோபர் கடைசியிலும், சில இடங்களில் நவம்பரிலும்தான் குலைகளை வெட்டுவார்கள். இதிலிருந்து செய்யும் ஒயினுக்கு 1971-இல் புவிசார் தரச்சான்று கிடைத்தது. அருகிலுள்ள பாரிலே ஊரில், மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்த குகைகளிலேயே ஒயினை வைத்துப் பதப்படுத்தும் வழக்கம் தொன்றுதொட்டு வருகிறது. சரிவின் காடுகளில் செஸ்ட்நட் மரங்கள் நிறைய உண்டு. அக்டோபரில் மெல்ஃபியில் நடக்கும் வரோலா திருவிழாவில், அடியில் துளைகள் இட்ட பெரிய வாணலிகளை விறகுத் தீயின்மேல் வைத்து, ஓடு கருகி வெடிக்கும்வரை கொட்டைகளைப் புரட்டிப் புரட்டி வறுப்பார்கள்.

இரண்டாவது உலகம் கீழே, லவெல்லோ, வெனோசா, பலாத்சோ சான் ஜெர்வாசியோ ஆகிய ஊர்களைச் சுற்றிய சமவெளி. அங்கே கோதுமையும், டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கான தக்காளியும் பெரும் அளவில் விளைகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் தக்காளி பறிப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்கள். சுமார் 300 கிலோ கொள்ளும் பெட்டிக்கு இவ்வளவு என்பதே பலருக்குக் கூலிக் கணக்கு. 1950-இன் நிலச் சீர்திருத்தத்தின்போது நிலமற்ற குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் அவர்கள் வேலை தேடி வடக்கே போய்விட்டதால் கைவிடப்பட்ட வீடுகளில், மின்சாரமும் தண்ணீரும் இன்றி இவர்கள் தங்குகிறார்கள். ஆள்பிடித்துக் கொடுக்கும் கங்காணிகளையும், அவர்கள்மூலம் ஆள் எடுத்துச் சுரண்டும் முதலாளிகளையும் தண்டிக்க 2016-இல் கடுமையான சட்டம் வந்தது. இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் அந்த வீடுகள் மீண்டும் நிரம்புகின்றன. கார் ஆலையின் இரவுப்பணி நாட்டையே பேச வைத்தது. வயலில் நடப்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

கேள்வி: அந்த ஆலையின் இன்றைய நிலை என்ன?

பதில்: 2014-இல் ஜீப் ரெனகேட், ஃபியட் 500எக்ஸ் ஆகிய இரண்டும் வந்தபின் மெல்ஃபி தன் உச்சத்தைத் தொட்டது, அடுத்த ஆண்டு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அதன்பின் இறங்குமுகம். 2021-இல் இணைப்பின்மூலம் உருவான ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் கீழ் ஃபியட்டும் இந்த ஆலையும் வந்தன. 2024-இல் உற்பத்தி அதற்கு முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே சரிந்தது. தொழிலாளர்கள் குறைந்த நேர வேலையிலும் அரசின் ஊதிய ஈட்டிலும் காலம் தள்ளினர், பலர் ஊக்கத்தொகை பெற்று விலகினர். பிரதான ஆலை தும்மினால் துணை ஆலைகளுக்குக் காய்ச்சல் வரும் என்பதால், அவற்றின் தொழிலாளருக்கே கவலை அதிகம். 2025-இல் புதிய ஜீப் காம்பஸ் உள்ளிட்ட வண்டிகள் அங்கே தயாராகத் தொடங்கியுள்ளன.

தெற்கின் செல்வம் வரியாக வடக்குக்குப் போகிறது என்று 1900-லேயே புள்ளிவிவரத்தோடு வாதிட்ட பிரான்செஸ்கோ சவேரியோ நித்தி பிறந்தது இதே மெல்ஃபியில்தான் (1868). 1919-இல் பிரதமரான அவர், தெற்கு முன்னேற ஆலைகள் வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆலை வந்துவிட்டது, அதில் எந்த வண்டி, எத்தனை, எப்போது என்ற முடிவு மட்டும் இன்றும் வெளியூரில்தான் எடுக்கப்படுகிறது.

கேள்வி: பயணிகள் பார்க்க அங்கே ஏதேனும் உண்டா?

பதில்: நார்மன் காலத்துக் கோட்டை ஒன்றே போதும். 1059-இல் போப் இரண்டாம் நிக்கோலாஸ், நார்மன் தலைவர் ராபர்ட் குயிஸ்கார்டை டியூக்காக ஏற்றது மெல்ஃபியில்தான். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1231-இல் தன் சட்டத்தொகுப்பை வெளியிட்டதும் இங்கேதான். கோட்டைக்குள் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே, பக்கத்து ரப்பொல்லாவில் கிடைத்த ரோமானியப் பளிங்குச் சவப்பேழையைத் தவறவிட வேண்டாம். மூடியின்மேல் ஓர் இளம்பெண் சாய்ந்து படுத்திருக்க, அவள் காலடியில் ஒரு நாய்க்குட்டி செதுக்கப்பட்டுள்ளது. செஸ்ட்நட் திருவிழாவையும் பார்க்க வேண்டுமானால் அக்டோபரில் செல்லுங்கள். ஃபோஜா நகரிலிருந்து பொத்தென்சா செல்லும் ரயில்பாதையில் மெல்ஃபி நிலையம் இருக்கிறது.