கம்பெனியா, கவர்மெண்டா? பாம்பன் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த மகள் சி.ஏ. படிக்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ கவர்மெண்ட் உத்தியோகம்தான் என்று நிற்கிறார். கம்பெனிப் பக்கம் போனால் அரசு வாசல் அடைபட்டுவிடுமோ என்று கேட்டீர்கள். அடைபடாது.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் சென்னையில் ஒரு விநியோகக் கம்பெனியைத் தொடங்கினார். நம் வீடுகளில் விசில் அடிக்கும் பிரெஸ்டீஜ் குக்கர் அந்தக் குழுமத்துச் சரக்குதான். அப்படி வியாபாரத்தில் ஊறியவர் 1937-இல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார், அப்புறம் அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்தார், 1956-இல் நாட்டின் நிதியமைச்சரானார். எல்.ஐ.சி. பணத்தைத் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போட்ட விவகாரத்தில் 1958-இல் பதவி விலகினார். நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றது அதைப் பற்றி நீதிபதி சாக்ளா நடத்திய விசாரணை. 1963-இல் மறுபடியும் நிதியமைச்சர். மக்களின் சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்டும், தொழில்களுக்குக் கடன் தரும் ஐ.டி.பி.ஐ.யும் 1964-இல், அவர் காலத்தில் வந்தவை.

அவர் தேர்தல் வழியாகப் போனவர். உங்கள் மகளுக்குப் பரீட்சை வழி இருக்கிறது.

அவள் எழுதும் மீன்பிடிப் படகுக் கணக்கு நோட்டைக் காட்டினாள். இடது பக்கம் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் ஏலத்தில் பிடித்த கமிஷனும். வலது பக்கம் மானிய டீசலும் தடைக்கால நிவாரணமும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வரவு இல்லை, ஆனால் எஞ்சின் வேலையும் பெயிண்டும் அப்போதுதான் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். கடனும் அரசுப் பணமும் ஒரே படகில் எப்படிக் கலக்கின்றன என்று இந்த வயதிலேயே பிடித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, செய்ய வேண்டியது இது. ராமநாதபுரத்திலேயே பி.காம். சேரட்டும், கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதட்டும்; நான்கு தாள்தான். பிறகு இன்டர், ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப், ஃபைனல். இடையில் மனம் மாறினால் யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் வணிகவியல்-கணக்கியலே விருப்பப் பாடமாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி அதிகாரி வேலைக்கான கிரேடு பி தேர்வுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும் என்பதால் பி.காம். மதிப்பெண்ணைக் கோட்டைவிடக் கூடாது.

ஒன்று மட்டும் இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரியே ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் கம்பெனி வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் போய்வருபவரின் கணக்கைத்தான் ஊர் அதிகம் கிளறும்.

அடுத்த முறை மதிப்பெண் பட்டியலோடு அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அந்த நோட்டும் வரட்டும், அவரிடம் நானே புரட்டிக் காட்டுகிறேன்.